முதலில் காது, அப்புறம் வாய்

கொல்கத்தாவில் ஒரு மொட்டைமாடி அறையில் ஹாம் ரேடியோ நண்பர்கள், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுகிறவர்கள், ரிப்பீட்டர் கட்டிய கதையைச் சென்ற இதழில் நாலு வரியில் சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையை நிரப்பிவிட்டன. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

ரிப்பீட்டர் என்றால் என்ன? என் பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்லவும்.
பள்ளி மாணவி, கும்பகோணம்

பாட்டியிடம் இப்படிச் சொல்: தெருக்கோடியில் நிற்கும் தாத்தாவுக்கு உன் குரல் எட்டவில்லை. மாடியில் நிற்கும் பக்கத்து வீட்டு மாமா அதைக் கேட்டு, உரக்கத் திருப்பிச் சொல்கிறார். அந்த மாமாதான் ரிப்பீட்டர். கையில் பிடிக்கும் 5 வாட் வாக்கி டாக்கி, நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே சில கிலோமீட்டரிலேயே திணறிவிடும். உயரத்தில் இருக்கும் ரிப்பீட்டர் அதை ஓர் அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் ஊருக்கெல்லாம் சொல்லிவிடும்.

வீட்டுக்கு நாலு செல்போன் இருக்கிறதே. இது எதற்கு?
வங்கி ஊழியர், கோவை

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் வங்கக் கரையைக் கடந்தது. கொல்கத்தாவில் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் சிக்னலும் போயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், டீசல் வேண்டும், பூமிக்கடியில் போகும் ஃபைபர் அறுபடாமல் இருக்க வேண்டும். ரிப்பீட்டருக்கு ஒரு பேட்டரியும் ஓர் ஆன்டெனாவும் போதும்.

ஹாம் ரேடியோவுக்கும் கொல்கத்தாவுக்கும் என்ன உறவு?
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர், தஞ்சாவூர்

தாய்வீட்டு உறவு. இந்தியாவின் முதல் ஹாம் என்று சொல்லப்படுபவர் அமரேந்திர சந்திர குப்து. 1921இல் ஒலிபரப்பத் தொடங்கினார். அவர் அழைப்புக்குறி 2 ஜே.கே. அவரை அடுத்து 1923இல் வந்தவர் முகுல் போஸ், 2 எச்.க்யூ. நம்மூரும் பின்தங்கவில்லை. 1924இலேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கிவிட்டார். 1939இல் உலகப்போர் வந்ததும் அமெச்சூர் உரிமங்களை அரசு ரத்து செய்தது. போர் முடிந்தபின் இந்த ஆர்வலர்கள் விட்ட இடத்தில் மறுபடி தொடங்கினார்கள்.

ரேடியோவைக் கண்டுபிடித்தது மார்கோனியா, ஜகதீச சந்திர போஸா?
போட்டித் தேர்வு மாணவர், விருதுநகர்

செய்தி அனுப்பும் தொழிலாக அதை வளர்த்தவர் மார்கோனி. மில்லிமீட்டர் அலைகளை முதலில் கையாண்டவர் போஸ். கல்கத்தா டவுன் ஹாலில், சுவர்களைத் தாண்டிப் போன அலையால் மணியடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். பிரசிடென்சி கல்லூரியில் அவர் 1894 முதல் 1896 வரை செய்த சோதனைகளை, உலக மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. 2012இல் மைல்கல்லாக அறிவித்தது. எனக்கு அதைவிடப் பிடித்த சங்கதி, உள்ளூர்த் தகரவேலைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தன் கருவிகளை அவர் செய்தார் என்பது. கருவி வெளியூரிலிருந்து வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஒரே ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் எப்படி முடியும்? பேசும் சத்தத்தில் காது செவிடாகாதா?
பாலிடெக்னிக் மாணவர், திருச்சி

ஆகும். ரிப்பீட்டர் கட்டுகிறவரின் முழுப் பாடும் அதுதான். நம் 2 மீட்டர் பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. அதில் கேட்கும் அலைவரிசைக்கும் பேசும் அலைவரிசைக்கும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்தான். வெளியே போவது 25 வாட். உள்ளே வருவதோ, ஒரு வாட்டைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி கோடிப் பங்காக்கினால் கிடைப்பதைவிடச் சின்னது. கோயில் வாசலில் தவில் அடித்துக்கொண்டே கர்ப்பகிரகத்தில் விழும் ஒரு சொட்டு எண்ணெயின் ஓசையைக் கேட்பது மாதிரி.

இரண்டையும் பிரிக்கும் கருவிக்கு டியூப்ளெக்சர் என்று பெயர். அந்த மாடியறையில் ஆறு உலோகக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் கால் அலைநீளத்துக்கு, அதாவது அரை மீட்டர் அளவுக்கு ஒரு தண்டு. தலையில் ஒரு திருகுகம்பி. நண்பர் கம்பியை அரைக்கால் சுற்று திருப்பினார். அளவுமானியின் திரையில், தடுக்கப்படும் அலைவரிசையைக் காட்டும் பள்ளம் மெல்ல நகர்ந்து, வேண்டிய இடத்துக்கு வந்து நின்றது. சந்தோஷத்தோடு லாக் நட்டை இறுக்கினார். பள்ளம் மறுபடி நகர்ந்துவிட்டது. தளர்த்தினார், இறுக்கும்போது எவ்வளவு நகரும் என்று மனக்கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு முன்கூட்டியே தள்ளி வைத்து இறுக்கினார். இந்த முறை சரியாக நின்றது. ஆறு குழாய்க்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போயிற்று. மூன்று குழாய்கள் காதைக் காக்கின்றன. மூன்று குழாய்கள் வாயை அடக்குகின்றன.

பழைய டாக்ஸி வயர்லெஸ் செட்டுகளை வைத்து ரிப்பீட்டர் செய்யலாமாமே?
ரேடியோ மெக்கானிக், சேலம்

செய்யலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு செட் வேண்டும்; ஒன்று கேட்க, ஒன்று பேச. கேட்கிற செட்டைத் திறந்து இரண்டு ஒயர்களை வெளியே எடுங்கள். ஒன்று ஆடியோ. இன்னொன்று, சிக்னல் வந்ததும் ஸ்க்வெல்ச் என்ற இரைச்சல் தடுப்பு திறந்ததைச் சொல்லும் ஒயர். பேசுகிற செட்டில் மைக் ஒயரும், பேச அமுக்கும் பட்டனின் பி.டி.டி. ஒயரும் போதும். நடுவில் சின்ன கன்ட்ரோலர் போர்டு.

ஓர் எச்சரிக்கை. டாக்ஸி செட் பத்து நொடி பேசி, ஒரு நிமிஷம் ஓய்வெடுக்கப் பிறந்தது. ரிப்பீட்டரோ மணிக்கணக்கில் பேசும். 25 வாட்டை 10 வாட்டுக்குக் குறைத்து, பெரிய ஹீட் சிங்க்கும் ஒரு ஃபேனும் போடுங்கள். கொல்கத்தாவின் மே மாத மாடியறையில் இதைச் செய்யாதவர்களின் ஃபைனல் டிரான்சிஸ்டர் ஜூன் மாதத்தைப் பார்க்காது. இன்னொன்று: ஆடியோவை, சிக்னலிலிருந்து குரலைப் பிரிக்கும் டிஸ்கிரிமினேட்டரில் எடுத்தால், அனுப்பும் பக்கத்திலும் அதற்கு இணையான இடத்தில்தான் கொடுக்க வேண்டும். அங்கே எடுத்து மைக்கில் கொடுத்தால் எல்லார் குரலும் தகரடப்பாவில் பேசுகிற மாதிரி கீச்சென்று கேட்கும்.

உதிரிபாகத்துக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டா, கொல்கத்தா சாந்தினியா?
எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர், சென்னை

இரண்டும் அக்கா தங்கை. சாந்தினி மார்க்கெட்டின் சந்துகளில் நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டின் அதே சால்டரிங் வாசனை. பேரம் மட்டும் வங்காளத்தில். எந்த ஊரானாலும் ஒன்று சொல்வேன். ஐ.சி.யில் மிச்சம் பிடியுங்கள், கேபிளிலும் கனெக்டரிலும் பிடிக்காதீர்கள். நல்ல கம்பெனிப் பெயர் அச்சிட்ட கோஆக்சியல் கேபிளை நான் ஒரு தடவை மலிவாக வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். உறையைச் சீவிப் பார்த்தால் பின்னல் கம்பிக்கு நடுவே கீழிருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பல்லிளிக்கிறது. ஒரு துண்டைச் சீவிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

பவரைக் கூட்டினால் தூரம் கூடுமா?
மின்வாரிய ஊழியர், நெல்லை

உயரத்தைக் கூட்டினால் கூடும். ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரமோ அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள், ரேடியோவின் அடிவானம் கிலோமீட்டரில் வரும். 60 மீட்டர் கட்டடத்தில் வைத்தால் 32 கிலோமீட்டர். 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் வைத்தால் 189. நமக்கு மலை இருக்கிறது. கொல்கத்தாவோ கங்கைச் சமவெளியில் தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் பத்து மீட்டர்கூடக் கிடையாது. அங்கே அடுக்குமாடிதான் மலை.

பவரைக் கூட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரிப்பீட்டரின் குரல் 50 கிலோமீட்டர் போகும். அங்கிருப்பவரின் 5 வாட் பதில் அதன் காதுக்கு வந்து சேராது. எட்டுகிற குரலைவிடக் கேட்கிற காது கூர்மையாக இருக்க வேண்டும். ரிப்பீட்டர் கட்டுகிற எல்லாருக்கும் முதல் பாடம் அதுதான்.

கட்டி முடித்ததும் எப்படிச் சோதிப்பது?
பொறியியல் கல்லூரி ஆசிரியை, மதுரை

ஐந்து சோதனை. ஒன்றும் விடக் கூடாது.

முதலில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடில் ஓட்டுங்கள். காற்றில் ஒரு துளி சிக்னலும் போகாமல் எல்லாத் தப்பையும் அறைக்குள்ளேயே செய்து முடித்துவிடலாம்.

இரண்டாவது, காதுச் சோதனை. சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து இரைச்சலோடு கேட்கும் அளவுக்கு மெல்லிய சிக்னல் ஒன்றைக் கொடுங்கள். டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கிறது. இப்போது அதை ஆன் செய்யுங்கள். இரைச்சல் கூடினால் வாய், காதை அமுக்குகிறது என்று அர்த்தம். டியூப்ளெக்சருக்குத் திரும்பிப் போங்கள்.

மூன்றாவது, குரலின் அகலம். டீவியேஷன் 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் பக்கத்து அலைவரிசைக்காரரின் வீட்டுக்குள் கால் நீட்டுகிறீர்கள்.

நான்காவது, அனுப்பும் பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மழை விட்டதும் மறுபடி பாருங்கள். மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறினால் எங்கோ கனெக்டரில் தண்ணீர்.

ஐந்தாவது, டம்மி லோடில் ராத்திரி முழுக்கத் தொடர்ந்து பேசவிடுங்கள். காலையில் ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடிந்தால் பாஸ்.

பேசி முடித்ததும் "பீப்" என்று ஒரு சத்தம் வருகிறதே, அலங்காரமா?
ஆட்டோ ஓட்டுநர், வேலூர்

மரியாதை. "இவர் முடித்துவிட்டார், அடுத்தவர் பேசலாம்" என்று அர்த்தம். அந்த பீப்புக்கு முன்னால் ஒரு மூச்சு இடைவெளி விட்டிருப்பார்கள். அவசரச் செய்தி வைத்திருப்பவர் அந்த இடைவெளியில் நுழைந்துவிடலாம்.

யாராவது பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால்?
ஒரு வாசகர், ஈரோடு

டைமர் இருக்கிறது. வைத்த நேரம், வழக்கமாக மூன்று நிமிஷம் போல, தாண்டினால் ரிப்பீட்டர் தானாக வாயை மூடிக்கொள்ளும். பெரும்பாலும் குறும்புக்காரர் யாரும் காரணம் இல்லை. ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் மாட்டிக்கொண்ட வாக்கி டாக்கிதான். வேண்டாத இரைச்சலுக்கும் கதவு உண்டு. 88.5 ஹெர்ட்ஸ் போல ஒரு தாழ்ந்த சுதியைக் குரலோடு சேர்த்து அனுப்பினால்தான் ரிப்பீட்டர் திறக்கும்படி வைக்கலாம். வீட்டுக்காரர் தட்டுகிற தட்டு வீட்டு நாய்க்குத் தெரிவதுபோல.

கரண்ட் போனால் எத்தனை நேரம் தாங்கும்?
இல்லத்தரசி, நாகப்பட்டினம்

புயல் ஊரிலிருந்து வந்திருக்கும் சரியான கேள்வி. பேசும்போது 5 ஆம்பியர், சும்மா கேட்கும்போது அரை ஆம்பியர் என்று வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் சராசரி 1.4 ஆம்பியர். உங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் மாதிரி 100 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தால் 35 மணி நேரம். சின்ன சோலார் பேனல் ஒன்று சேர்த்தால் மூன்றாம் நாளும் பேசும். இந்தக் கணக்கைக் காகிதத்தோடு விடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இடி விழாதா?
விவசாயி, திருவாரூர்

வங்காளத்தில் ஏப்ரல், மே மாலைகளில் கால்பைசாகி என்று ஒரு புயல்மழை வரும். அரைமணி நேரத்தில் வானம் கறுத்து, இடியோடு அடித்து நொறுக்கிவிட்டுப் போகும். உயரத்தில் கம்பி நட்டவர்கள் அதற்குப் பயந்தே ஆக வேண்டும். ஆன்டெனாக் கம்பத்துக்குத் தடித்த செம்புப் பட்டையில் நேராக எர்த். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான். கருவிகளின் எர்த்தும் கம்பத்தின் எர்த்தும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். "எர்த் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றால், ஆன்டெனாவையும் அடுத்த மாசமே ஏற்றுங்கள்.

கங்காசாகர் மேளாவில் தொலைந்தவர்களை ஹாம்கள் கண்டுபிடித்துத் தருகிறார்களாமே, நிஜமா?
ஆன்மிக வாசகி, ராமேஸ்வரம்

நிஜம். மகர சங்கராந்திக்கு, நம் பொங்கல் நாளில், லட்சக்கணக்கானவர்கள் சாகர் தீவில் நீராட வருகிறார்கள். கூட்டத்தில் கையை விட்ட முதியவர்கள், மொழி தெரியாதவர்கள், ஊர்ப்பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாதவர்கள் ஏராளம். மேற்கு வங்க ரேடியோ கிளப்பினர் ஆண்டுதோறும் அங்கே முகாம் போட்டு, அவர்களைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கிறார்கள். மேளா முடிந்த பிறகும் ஆஸ்பத்திரிகளில் அடையாளம் தெரியாமல் கிடப்பவர்களின் ஊரைத் தேடுகிறார்கள். அந்தந்த மாநில ஹாம் நண்பருக்குக் குரல் கொடுப்பார்கள். அவர் அந்தக் கிராமத்தைத் தேடிப் போவார். ரேடியோ பாதி வேலை செய்கிறது. மீதியை அந்த நண்பரின் கால்கள் செய்கின்றன.

கொல்கத்தா ரிப்பீட்டர் சாகர் தீவு வரை எட்டுமா?
கல்லூரி மாணவர், தூத்துக்குடி

சாகர் தீவின் கோயில் கரை நூறு கிலோமீட்டர் தாண்டி. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரே ரிப்பீட்டரில் எட்டாது. நடுவில் இன்னொன்று வைக்க வேண்டும், இல்லையேல் 7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலைக்குப் போக வேண்டும். சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். அந்த மண்டலத்தை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்ற சிசிர் குமார் மித்ராவும் கல்கத்தாக்காரரே. மேல்வளிமண்டலம் பற்றி அவர் 1947இல் வெளியிட்ட நூல் உலகமெங்கும் படிக்கப்பட்டது.

வானத்திலேயே ஒரு ரிப்பீட்டர் வைத்தால்?
எட்டாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

வைத்தார்கள் தம்பி. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட், கார்ட்டோசாட்-1 உடன் ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளையும் கொண்டுபோயிற்று. அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள்: ஒன்று இந்தியாவில் செய்தது, இன்னொன்று நெதர்லாந்து ஹாம் ஒருவர் செய்தது. 2014 ஜூலை வரை உலக ஹாம்கள் அதன் வழியே பேசினார்கள். இப்போது சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே ஒரு ஹாம் ரிப்பீட்டர் இருக்கிறது; 145.990இல் கேட்டு 437.800 மெகாஹெர்ட்ஸில் பேசும். அது தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிஷத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

ஹாம் ரேடியோ உயிர் காத்த ஓர் உதாரணம் சொல்லுங்கள்.
செவிலியர், கடலூர்

கடலூரிலிருந்து கேட்கிறீர்கள்; 2004 டிசம்பர் 26ஐ நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்த மாதம் பாரதி பிரசாத் என்ற ஹாம் போர்ட் பிளேரில் இருந்தார். நெடுங்காலமாக ஹாம் அனுமதியே இல்லாதிருந்த அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காக, தோழர்களோடு கருவிகளைக் கொண்டுபோயிருந்தார். சுனாமி வந்து மற்ற தொடர்புகள் அறுந்தபோது, பொழுதுபோக்குக்கென்று கொண்டுபோன அதே கருவி தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் நடுவே செய்தி சுமந்தது. உறவினர் உயிரோடு இருக்கிறார் என்ற சேதிக்காகக் காத்திருந்தவர்களுக்கு அவர் குரல் போய்ச் சேர்ந்தது. சுனாமிக்கு மறுநாள் கிளம்பியிருந்தால் இது நடந்திருக்காது. கருவி முன்பே சோதிக்கப்பட்டு, ஆன்டெனா முன்பே ஏற்றப்பட்டிருந்தது.

கொல்கத்தா ஹாம்களோடு தமிழில் பேசலாமா?
லேக் மார்க்கெட் தமிழர், கொல்கத்தா

தாராளமாக. தெளிவான மொழியில் பேச வேண்டும். சங்கேத ரகசியம் கூடாது, வியாபாரம் கூடாது. கூட்டத்தில் மொழி புரியாமல் தவிக்கும் ஒரு தமிழ்ப் பாட்டிக்கு, கொல்கத்தாவில் தமிழ் தெரிந்த ஒரு ஹாம் கிடைத்தால் அதைவிடப் புண்ணியம் உண்டா? லேக் மார்க்கெட்டில் தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிறீர்கள். உங்களில் நாலு பேர் தேர்வு எழுதுங்கள்.

ரிப்பீட்டர் வைக்க யாரிடம் அனுமதி?
ஒரு வாசகர், ஓசூர்

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம். உங்கள் சொந்த ஹாம் உரிமம் நீங்கள் பேசுவதற்கு. ஆளில்லாமல் ஓடும் ரிப்பீட்டருக்குத் தனி அனுமதி கேளுங்கள். ஊரில் உள்ள கிளப் மூலமாகப் போவது நல்லது. அனுமதி வரும் வரை டம்மி லோடைத் தாண்டி ஒரு வாட்கூட வெளியே போகக் கூடாது. போலீஸும் விமானமும் தீயணைப்பும் பேசுகிற அதே காற்று அது.

இன்டர்நெட்டோடு இணைத்தால் உலகமெல்லாம் பேசலாமே, இந்தக் குழாயும் திருகாணியும் எதற்கு?
ஐ.டி. ஊழியர், பெங்களூரு

இணையுங்கள், நல்லது. ஆனால் அடிப்படை ரிப்பீட்டர் இன்டர்நெட் இல்லாமல் நிற்க வேண்டும். கடையில் வாங்கிய பெட்டி புயல் ராத்திரியில் நின்றுபோனால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போன் போட வேண்டும். அந்த ராத்திரியில் போன் ஏது? தன் கையால் திருகியவருக்கு எந்தக் குழாய் எங்கே நகரும் என்று விரல்நுனியில் இருக்கும். டார்ச் வெளிச்சத்திலேயே சரிசெய்துவிடுவார்.

என் மகளுக்கு 12 வயது. ஹாம் ஆக ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்க?
ஒரு தாய், புதுச்சேரி

வயது சரியாக இருக்கிறது அம்மா. 12 நிறைந்தால் தேர்வு எழுதலாம். அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும் கேட்பார்கள். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் வேண்டாம். ஜெனரல் கிரேடுக்கு நிமிஷத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும். அவள் வயதில் பாட்டு மாதிரி வந்துவிடும்.

அதற்கு முன்னால், சிற்றலை கேட்கும் ஒரு ரேடியோவை வாங்கிக் கொடுத்து ஒரு மாதம் கேட்க மட்டும் சொல்லுங்கள். யார் எங்கிருந்து பேசுகிறார், எப்படி முறை வைத்துப் பேசுகிறார் என்று நோட்டில் எழுதட்டும். பிறகு பக்கத்து ஊர் கிளப்புக்குக் கூட்டிப்போங்கள். சால்டரிங் அயர்னைக் கையில் கொடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன். உங்கள் ஊரில் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறதா என்று இந்த வாரம் விசாரியுங்கள். இருந்தால், அதைக் காப்பவர்களுக்கு ஒரு பேட்டரியோ, ஒரு ஞாயிற்றுக்கிழமையோ கொடுங்கள். இல்லையென்றால், கட்டத் தெரிந்தவரோடு சேருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. வேலையை அதற்கு முன்னால் முடியுங்கள்.